ட்ரோன் தெரிகிறது, ரிமோட் யார் கையில்?

[காட்சி: கடல்மேல் தாழப் பறந்தபடி தண்ணீர் மொள்ளும் மஞ்சள், சிவப்பு நிற விமானம்]

2025 ஜனவரி 9. லாஸ் ஏஞ்சல்ஸின் பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியில் தீப்பிடித்து மூன்றாவது நாள். கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து வாடகைக்கு வந்திருந்த சூப்பர் ஸ்கூப்பர் விமானம் தீயணைப்பில் இருந்தது. இது கடல் நீரை உரசிக்கொண்டே போய், 12 விநாடிகளில் சுமார் 6,000 லிட்டர் தண்ணீரை மொண்டுவிடும். தண்ணீருக்கும் தீக்கும் இடையே நாள் முழுக்க நடை போடக்கூடிய விமானம்.

அன்று அதன் இடது இறக்கையில் ஒரு ட்ரோன் மோதியது. விழுந்த ஓட்டை 3 அங்குலத்துக்கு 6 அங்குலம். நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் செல்போனின் அளவுதான். உள்ளே இருந்த இருவருக்கும் காயமில்லை, பத்திரமாக இறங்கிவிட்டார்கள். ஆனால் வீடுகள் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த விமானம் சில நாட்கள் பழுதுபார்க்கும் கொட்டகையில் நின்றது.

ட்ரோனை ஓட்டியவர் எங்கே இருந்தார் தெரியுமா? சாண்டா மோனிகாவில், பல மாடி கார் பார்க்கிங்கின் மேல்தளத்தில். அங்கிருந்து தீப்பிடித்த பக்கமாக இரண்டரை கிலோமீட்டருக்கும் மேல் அனுப்பியிருக்கிறார். ட்ரோன் அவர் கண்ணிலிருந்தே மறைந்துவிட்டது. அந்தப் பகுதியில் ட்ரோன் பறக்கவிடத் தடை இருந்தது. உடைந்த துண்டுகளை வைத்து எஃப்பிஐ துப்புத் துலக்கியது. ஜனவரி முடிவதற்குள் அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சம்மதித்தார்.

எனக்கு இதில் திரும்பத் திரும்ப உறுத்துவது ஒன்றுதான். அவர் விமானத்தை வீழ்த்த வந்தவர் இல்லை. மோதுவதற்கு முன் ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் போய், "சார், அதை உடனே இறக்குங்க" என்று சொல்லியிருந்தால் போதும், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அப்படி ஒருவரை நேரத்தோடு அனுப்பி வைப்பதுதான் கையோடு எடுத்துச் செல்லும் ட்ரோன் கண்டறியும் கருவியின் வேலை.

[காட்சி: ஜீப்பின் பின்கதவு திறக்கிறது, சூட்கேஸ் அளவுப் பெட்டி, முக்காலி, டேப்லெட்]

விமான நிலையத்தில் ட்ரோனைக் கண்டறிய நிரந்தரமாகக் கோபுரம் கட்டலாம். ஆனால் தீயோ, வெள்ளமோ, ஊர்வலமோ எங்கே வரும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் இந்தப் பெட்டி வண்டியில் போகிறது. முக்காலியை விரித்து, ஆன்டெனாவை முடிந்த மட்டும் உயரத்தில் ஏற்றி, டேப்லெட்டை இணைத்தால் சில நிமிடங்களில் தயார்.

பெரும்பாலான பெட்டிகள் எதையும் ஒலிபரப்புவதில்லை, காது கொடுத்துக் கேட்க மட்டும் செய்கின்றன. ரிமோட்டும் ட்ரோனும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். "இடது பக்கம் திரும்பு" என்று ரிமோட் சொல்லும், ட்ரோன் வீடியோவை அனுப்பும். இந்தப் பேச்சு பெரும்பாலும் 2.4, 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் நடக்கிறது. உங்கள் வீட்டு வைஃபை இருக்கும் அதே சந்தைக்கடை. அந்த இரைச்சலுக்குள் ட்ரோன் சிக்னலின் சாயலை அடையாளம் காண்பதுதான் பெட்டியின் திறமை.

ட்ரோனே தன்னை அறிவித்துக்கொண்டால் வேலை இன்னும் சுலபம். அமெரிக்காவில் அதற்குப் பெயர் ரிமோட் ஐடி. 2024 மார்ச் 16க்குப் பிறகு இதை மீறினால் நடவடிக்கை உண்டு. பறக்கும் ட்ரோன் தன் அடையாள எண், இருக்கும் இடம், உயரம் எல்லாவற்றையும் வைஃபை அல்லது புளூடூத் வழியாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கூடவே ரிமோட் இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். பழைய ட்ரோனில் தனியாக மாட்டிய கருவி என்றால், கிளம்பிய இடத்தைச் சொல்லும்.

[காட்சி: டேப்லெட் வரைபடம். நகரும் சிவப்புப் புள்ளி, அசையாத நீலப் புள்ளி]

திரையைக் கொஞ்சம் பாருங்கள். எல்லோர் கண்ணும் போவது நகர்கிற சிவப்புப் புள்ளிமேல், அதாவது ட்ரோன்மேல். பழகிய ஆள் முதலில் பார்ப்பது அசையாத நீலப் புள்ளியை. அங்கேதான் மனிதர் இருக்கிறார்.

ரிமோட் ஐடி இல்லாத ட்ரோன் என்றால்? அப்போது திசை பார்க்கும் ஆன்டெனாக்கள் வேண்டும். ஒரு பெட்டி "இந்தத் திசை" என்று ஒரு கோடு காட்டும். தள்ளி வைத்த இரண்டாவது பெட்டி இன்னொரு கோடு காட்டும். இரண்டும் வெட்டும் இடத்தில் தேட வேண்டும். ஆனால் உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வரும், கோடு ஏமாற்றும். சந்துக்குள் நின்று பார்ப்பதைவிட மொட்டை மாடிக்குப் போவது நல்லது.

இந்த வசதிக்கு இன்னொரு முகமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். ட்ரோன் தயாரிக்கும் டிஜேஐ நிறுவனம் 2017ல் ஏரோஸ்கோப் என்ற கருவியைக் கொண்டுவந்தது. தன் ட்ரோன்களையும் அவற்றை ஓட்டுபவர்களையும் காட்டிக்கொடுக்கும் கருவி அது, பெட்டி வடிவிலும் கிடைத்தது. 2022ல் உக்ரைன் போரில், அந்த ஏற்பாட்டை வைத்தே தங்கள் ட்ரோன் ஓட்டுநர்களை ரஷ்யப் படை குறிவைக்கிறது என்று உக்ரைன் குற்றம்சாட்டியது. அந்தச் சிக்னல் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்படவில்லை என்பதையும் நிறுவனம் அதே ஆண்டில் ஒப்புக்கொண்டது. 2023ல் ஏரோஸ்கோப் விற்பனை நின்றது. நீலப் புள்ளி ஒரு மனிதர் நிற்கும் இடம். அதை யார் பார்க்கலாம், எத்தனை நாள் சேமிக்கலாம் என்பதை ஒவ்வொரு காவல் துறையும் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, திரையில் ஒன்றுமே இல்லை. வானம் காலியா?

இங்கேதான் பெரிய தவறு நடக்கும். முன்கூட்டியே பாதை போட்டுக் கொடுத்துத் தானாகப் பறக்கும் ட்ரோன் பேசவே வேண்டியதில்லை. செல்போன் நெட்வொர்க் வழியாக ஓட்டினால், ஆயிரம் போன்களுக்கு நடுவே இன்னொரு போனாகவே தெரியும். உக்ரைனில் இரு தரப்பும் தலைமுடி போன்ற கண்ணாடி இழையை அவிழ்த்துக்கொண்டே போகும் ட்ரோன்களை அனுப்புகின்றன. கட்டளை அந்த இழை வழியாகவே போவதால், அவற்றிடம் கேட்க ரேடியோ சிக்னலே இல்லை. அவ்வளவு தூரம் போக வேண்டாம். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும் 250 கிராமுக்குக் குறைவான ட்ரோனுக்கு ரிமோட் ஐடி கட்டாயமே இல்லை.

அதனால்தான் சில குழுக்கள் சிறிய ராடாரும் கேமராவும் சேர்த்து எடுத்துப் போகின்றன. ராடார் திரையில் பறவையும் ட்ரோனும் ஒரே அளவில் தெரியும். ட்ரோனின் விசிறி சுழலும்போது திரும்பி வரும் அலையில் ஒரு நடுக்கம் இருக்கும், சிறகடிப்பின் நடுக்கம் வேறு மாதிரி. அதை வைத்துப் பிரிப்பார்கள், கேமராவில் உறுதி செய்வார்கள். ஒலியை வைத்துக் கண்டறியும் கருவியும் உண்டு. கூட்டம் கத்தும் மைதானத்தில் அதை நம்ப முடியாது.

வெறும் கண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையம் சாட்சி. ட்ரோன் பார்த்ததாகத் தகவல் மேல் தகவல். சுமார் 1,000 விமானங்களும் 1,40,000 பயணிகளும் பாதிக்கப்பட்டார்கள். ஓட்டியவர் கடைசிவரை பிடிபடவில்லை. பார்த்ததாகச் சொன்னவற்றில் சில போலீஸின் சொந்த ட்ரோன்களாகவே இருந்திருக்கலாம் என்று காவல் துறைத் தலைவரே பின்னர் சொன்னார்.

[காட்சி: ஜாமர் துப்பாக்கியின் படம், அதன்மேல் குறுக்குக் கோடு]

"கண்டுபிடித்தாயிற்று, சிக்னலைத் தடுக்கும் ஜாமர் போட்டு விழவைக்க வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். பாலிசேட்ஸ் எரிந்தபோது அமெரிக்க உள்ளூர் போலீஸுக்கு அந்த அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும் நான் அவசரப்பட மாட்டேன். ஜாமர் பக்கத்தில் உள்ள மற்ற ரேடியோத் தொடர்புகளையும் கெடுக்கக்கூடும். ட்ரோன் யார் தலையில் விழும் என்றும் சொல்ல முடியாது.

ஆகவே டேப்லெட் முன் உட்கார்ந்தவர் இரண்டு இடங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒன்று, வான்வழித் தீயணைப்பை ஒருங்கிணைப்பவருக்கு: "ட்ரோன் ஒன்று, இந்த உயரம், இந்தத் திசையில் போகிறது, விமானங்களைத் தள்ளி வையுங்கள்." இன்னொன்று, அருகில் இருக்கும் ரோந்து வண்டிக்கு. அதில் "ட்ரோன் வந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னால் அந்தக் காவலர் அண்ணாந்து வானத்தைத்தான் பார்ப்பார். "கார் பார்க்கிங், மேல்தளம், கடல் பக்கச் சுவர் ஓரமாக ஒருத்தர் கையில் ரிமோட்டோட நிற்கலாம், போய்ப் பாருங்க" என்று சொல்ல வேண்டும்.