வங்கதேசத்தை எத்தனை கோலில் வெல்வோம்? நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி கோவையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. அப்படியே படிக்கிறேன். "அண்ணா, வரும் 2025 மார்ச் 25ஆம் தேதி ஷில்லாங்கில் ஆசியக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச்சுற்றில் இந்தியா வங்கதேசத்தோடு ஆடுகிறது. ஃபிஃபா தரவரிசையில் நாம் 126, அவர்கள் 185. மாலத்தீவை இப்போதுதான் 3-0 என்று வென்றிருக்கிறோம். எங்கள் நண்பர்கள் எல்லோரும் 4-0, 5-0 என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் மட்டும் போன வீடியோவில் 1-0 வந்தாலே போதும் என்றீர்கள். ஒரு கத்துக்குட்டி அணிக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறீர்கள்?"

பயம்தான் தம்பி, மறுக்கவில்லை. அந்தப் பயம் எங்கே பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

2019 அக்டோபர் 15. கொல்கத்தா சால்ட் லேக் அரங்கம். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று, எதிரணி இதே வங்கதேசம். அப்போது நாம் 104, அவர்கள் 187. சென்னையிலிருந்து ரயில் ஏறிப் போயிருந்தேன். 60,000 பேருக்கு மேல் கூட்டம். எனக்கு முன்வரிசையில் அப்பாவோடு ஒரு பையன், எட்டு ஒன்பது வயது இருக்கும். அட்டை ஒன்றில் ஸ்கெட்ச் பேனாவால் 6-0 என்று பெரிதாக எழுதி, அந்தப் பூஜ்யத்துக்குள் ஒரு பந்து வரைந்து வைத்திருந்தான். ஆட்டம் தொடங்கும் முன்பே அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். 42ஆம் நிமிடம். இடது பக்கத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக் வருகிறது, நம் கோல்கீப்பர் குர்பிரீத் பந்தைப் பிடிக்க முன்னே வந்து தவறவிடுகிறார், சாத் உத்தின் தலையால் முட்டி உள்ளே தள்ளுகிறார். அவ்வளவு பெரிய அரங்கம் அடங்கிப்போனது. அந்தப் பையன் அட்டையை மெல்ல இறக்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டான். 88ஆம் நிமிடத்தில் கார்னரில் ஆதில் கான் தலையால் முட்டிச் சமன் செய்தபோது எல்லோரும் துள்ளினோம், அவனும் துள்ளினான். அந்த அட்டையை மட்டும் பிறகு எடுக்கவே இல்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அதற்குச் சரியாக ஐந்து வாரம் முன்பு, செப்டம்பர் 10ஆம் தேதி, இதே இந்திய அணி தோஹாவில் கத்தாரோடு 0-0 என்று சமன் செய்திருந்தது. கத்தார் அப்போது ஆசிய சாம்பியன். நம் பக்கம் கேப்டன் சுனில் சேத்ரியே இல்லை, காய்ச்சல். கோல் நோக்கி மழை மாதிரி ஷாட்டுகள் வந்தன, குர்பிரீத் ஒற்றை ஆளாக நின்று காப்பாற்றினார். அன்றைக்கு நாம்தான் கத்துக்குட்டி. பத்துப் பேரும் பந்துக்குப் பின்னால் நின்று, இடைவெளியே கொடுக்காமல், ஒரு பெரிய அணியை 90 நிமிடம் தவிக்க விட்டோம். அதே பாடத்தை வங்கதேசம் கொல்கத்தாவில் நமக்குத் திருப்பி நடத்தியது. கத்தாரில் நாம் செய்தது வீரம் என்றால், கொல்கத்தாவில் அவர்கள் செய்ததும் வீரம்தானே?

அதற்குப் பிறகும் பாருங்கள். 2021 ஜூனில் தோஹாவில் அவர்களை 2-0 என்று வென்றோம். கணக்கில் சுலபமான வெற்றியாகத் தெரியும். ஆனால் முதல் கோல் விழுந்தது 79ஆம் நிமிடத்தில், சேத்ரி தலையால் அடித்தது. இரண்டாவது கோல் 90 நிமிடம் முடிந்து கொடுத்த கூடுதல் நேரத்தில். அதே ஆண்டு அக்டோபரில் மாலேயில் தெற்காசியக் கோப்பை. நாம் முதலில் கோல் போட்டோம், அவர்களில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார், அதற்குப் பிறகு பத்துப் பேரோடு ஆடிச் சமன் செய்தார்கள். 1-1. இப்படிப்பட்ட அணிமேல் 5-0 என்று எந்தத் தைரியத்தில் எழுதுவது?

சரி, நம்மைவிடக் கீழே இருக்கும் அணியிடம் ஏன் திணறுகிறோம்? பலரும் வீரர்களுக்கு அக்கறை இல்லை, அலட்சியம் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தற்காத்து நிற்பதற்குத் தேவை ஒழுங்கும் உழைப்பும். நல்ல பயிற்சியாளர் சில வாரங்களில் அதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். நெருக்கமாக நிற்கும் அந்தச் சுவரை உடைப்பது வேறு கலை. பந்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வேகமாக மாற்ற வேண்டும், ஓரத்தில் ஓடுகிறவர் கோல்கோட்டு வரைக்கும் போய்ப் பின்னால் வெட்டிக் கொடுக்க வேண்டும், பெட்டிக்குள் அந்த அரை நொடியில் சரியான இடத்தில் நிற்கும் ஸ்ட்ரைக்கர் வேண்டும். அந்த ஸ்ட்ரைக்கர்தான் நம்மிடம் இல்லை. ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) அணிகளில் பெரும்பாலும் அந்த இடத்தில் ஆடுவது வெளிநாட்டு வீரர்கள். நம் இளைஞர்கள் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள், இல்லையென்றால் கடைசிப் பத்து நிமிடம் மாற்று ஆளாக வருகிறார்கள். இந்த 2024-25 பருவத்தில் அங்கே இந்திய வீரர்களில் அதிக கோல் அடித்தவர் யார்? 40 வயது சேத்ரி. 2024 ஜூனில் ஓய்வு பெற்றவரைத் திரும்ப அழைத்து வந்திருக்கிறோம். அவர் வந்ததில் எனக்குக் கண் கலங்கிய மகிழ்ச்சி. அதே சமயம், அவரைத்தான் அழைக்க வேண்டியிருக்கிறது என்பது மனத்தை உறுத்துகிறது.

குவாஹாட்டியைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. 2024 மார்ச் 26. ஷில்லாங் ஆட்டம் முடிந்த மறுநாள் அதற்குச் சரியாக ஓராண்டு. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஆப்கானிஸ்தானோடு ஆட்டம். அவர்கள் தரவரிசையில் 158, நாம் 117. சொந்த நாட்டில் ஓர் ஆட்டம்கூட ஆட முடியாத அணி. கத்தாரிடம் 1-8, குவைத்திடம் 0-4 என்று தோற்று வந்த அணி. அவர்களுடைய முன்னணி வீரர்கள் பலர் தங்கள் நாட்டுக் கால்பந்துச் சங்கத்தோடு மனக்கசப்பில் விலகியிருந்தார்கள். அன்று சேத்ரிக்கு 150ஆவது ஆட்டம், 38ஆம் நிமிடத்தில் பெனால்ட்டியில் கோலும் போட்டார். அந்த ஆண்டில் இந்தியா அடித்த முதல் கோல் அது. ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம், சவுதியின் அபா நகரில் இதே ஆப்கானிஸ்தானோடு ஓர் ஆட்டம், நான்கிலும் ஒன்றும் விழவில்லை. ஒரு கோல் போட்டதும் நாமெல்லோரும் ஆட்டம் முடிந்தது என்று எண்ணினோம். 70ஆம் நிமிடத்தில் ரஹ்மத் அக்பரி அடித்த பந்து நம் டிஃபென்டர் மேல் பட்டுத் திசை மாறி உள்ளே போனது. 88ஆம் நிமிடத்தில் ஷரீஃப் முகம்மத் பெனால்ட்டி. 1-2.

இப்போது ஒரு கணக்கு. அந்தப் பிரிவில் குவைத் 7 புள்ளியோடு இரண்டாமிடம் பிடித்து அடுத்த சுற்றுக்குப் போனது. நமக்கு 5. மற்ற முடிவுகள் அப்படியே இருந்து, குவாஹாட்டியில் மட்டும் வென்றிருந்தால் நமக்கு 8. இந்தியா இதுவரை எட்டாத மூன்றாம் சுற்று, கூடவே 2027 ஆசியக் கோப்பைக்கு நேரடி இடம். வங்கதேசத்தோடு இந்த ஆட்டமே நமக்கு இருந்திருக்காது. அதே சுற்றில் 2024 ஜூனில் தோஹாவில் கத்தார் அடித்த அந்தக் கோலைப் பற்றி, பந்து கோட்டுக்கு வெளியே போன பிறகும் கொடுத்துவிட்டார்களே என்று, இன்றைக்கும் பேசுகிறோம். நியாயமான கோபம்தான். ஆனால் நாம் வெளியேறியது தோஹாவில் இல்லை, குவாஹாட்டியில். பெரிய அணியிடம் இழந்த புள்ளி நினைவில் நிற்கிறது, சிறிய அணியிடம் இழந்த புள்ளிதான் பட்டியலில் கழுத்தை அறுக்கிறது.

கோல் வித்தியாசம் முக்கியமில்லையா என்று கேட்பீர்கள். புள்ளி சமமானால்தானே அந்தப் பேச்சு வரும்? நாம் அந்த இடத்துக்கே போய்ச் சேரவில்லை. இந்தச் சுற்றில் வங்கதேசம், ஹாங்காங், சிங்கப்பூர், நாம். முதலிடம் பிடிக்கும் ஒரே அணிக்குத்தான் ஆசியக் கோப்பை நடக்கும் சவுதிக்குப் பயணம். ஆறே ஆட்டங்கள். சொந்த மண்ணில் முதல் ஆட்டத்திலேயே இரண்டு புள்ளியை விட்டால் அதை எங்கே போய்த் தேடுவது?

மாலத்தீவை வென்றது எனக்கும் பெரிய நிம்மதி. 489 நாட்களுக்குப் பிறகு வந்த வெற்றி. 2024 முழுக்க 11 ஆட்டங்களில் ஒன்றுகூட நாம் வென்றதில்லை. ஆனால் அந்த மூன்று கோலையும் திரும்பப் போட்டுப் பாருங்கள். ராகுல் பேக்கே தலையால், லிஸ்டன் தலையால், சேத்ரி தலையால். முதல் இரண்டும் கார்னரில் வந்தவை. சுவர் கட்டி நிற்கும் அணியை உடைக்க இப்போதைக்கு நம்மிடம் இருக்கும் சாவி அதுதான். பயிற்சியாளர் மார்க்கெஸ் அதில் உழைத்திருக்கிறார் என்பது தெரிகிறது, அதனால்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை.

இந்த முறை வங்கதேசம் பழைய வங்கதேசமும் இல்லை. ஹம்சா சௌத்ரி முதல் முறையாக அவர்களுக்கு ஆட வருகிறார். லெஸ்டரில் வளர்ந்து பிரீமியர் லீக்கில் ஆடியவர், 2021இல் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை வென்ற லெஸ்டர் அணியில் இருந்தவர், இந்த 2024-25 பருவத்தில் ஷெஃபீல்ட் யுனைடெட்டில் ஆடுகிறார். நடுக்களத்தில் அவர் ஒருவர் இருந்தால் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் தெரியும், நம் வேகத்தைக் குறைக்கவும் தெரியும். 185 என்ற எண் அவர் வருவதற்கு முன் எழுதப்பட்டது.

தம்பி ஷில்லாங் போவதாகவும் எழுதியிருக்கிறார். போங்கள், நிச்சயம் போங்கள். அந்த ஊரில் ஆடவர் சர்வதேசக் கால்பந்து இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, அந்த மக்கள் இந்த ஆட்டத்தை உயிராக நேசிக்கிறவர்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அரைமணி நேரம் கோல் விழவில்லை என்றால் முணுமுணுக்கத் தொடங்காதீர்கள். கூட்டம் பொறுமை இழந்தால் அது களத்துக்குத் தெரிகிறது. உடனே முப்பது மீட்டரிலிருந்து ஷாட், குறியில்லாத கிராஸ், அதெல்லாம் எதிரணிக் கோல்கீப்பருக்குக் கொடுக்கும் விருந்து. பந்தைப் பின்னால் திருப்பி, மறுபக்கம் மாற்றி, மறுபடி முயன்றால் கை தட்டுங்கள். கார்னர் கிடைத்தால் எழுந்து நில்லுங்கள். முதல் கோல் விழுந்துவிட்டால் அவர்கள் வெளியே வந்துதான் ஆக வேண்டும், அப்போது இரண்டாவதும் வரும், மூன்றாவதும் வரலாம். எத்தனை கோல் என்று நண்பர்கள் கேட்டால், முதல் கோல் எந்த நிமிடம் என்று திருப்பிக் கேளுங்கள். என் கணிப்பு 60ஆம் நிமிடத்துக்குப் பிறகு, கார்னரில். 1-0. அது கிடைத்தால் செவ்வாய்க்கிழமை இரவு நான் நிம்மதியாகத் தூங்குவேன்.