அழைப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

(வேலூரில் பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்கான வாலிபர் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்புத் தம்பி தங்கைகளே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களே,

பிளஸ் டூ ரிசல்ட் வந்தவுடன் நம் ஆயர்களைத் தேடிப் பல குடும்பங்கள் வருகின்றன. "ஐயா, இந்தப் பிள்ளைக்கு ஆண்டவர் சித்தம் என்னன்னு ஜெபிச்சுச் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். அந்த விசுவாசத்தை மதிக்கிறேன். ஆனால் அட்மிஷனுக்குக் கடைசித் தேதி மூன்று நாளில் இருக்கும்போது கேட்கும் கேள்வி அல்ல அது. 'இதைச் செய்' என்ற ஆண்டவரின் அழைப்பு ஒரு நொடியில் மனதில் விழலாம். அது மெய்தானா என்று உறுதிப்படுவது நாள்பட்ட சோதனையில்தான்.

இந்த ஊரில் அழைப்பைப் பற்றிப் பேசினால், சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரைச் சொல்லாமல் முடியாது. 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். படிக்க அமெரிக்கா போனவருக்கு மிஷனரியாகத் திரும்பும் எண்ணமே இல்லை. 1890இல் தாயின் உடல்நிலை கருதித்தான் திண்டிவனம் வந்தார். அங்கே ஓர் இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர்தான்; ஆனால் ஆண் மருத்துவரை உள்ளே விட அவர்களுடைய வழக்கம் இடம் கொடுக்கவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவில் நாடகமாகவே போடுகிறோம். திரை அந்த இடத்தில் விழுந்துவிடுவதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. பிறகு நடந்ததைக் கேளுங்கள். 1895இல் பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கடைசி ஆண்டை கார்னெல்லில் முடித்து 1899இல் பட்டம் வாங்கினார். கப்பல் ஏறுமுன் மருத்துவமனைக்குப் பணம் திரட்டும் பொறுப்பும் தலையில் விழுந்தது. ஷெல் என்பவர் தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1900 ஜனவரி முதல் தேதி ஐடா இந்தியாவில் வந்து இறங்கினார். யாருடைய கைக்குக் கீழே தொழில் பழகலாம் என்று நம்பி வந்தாரோ, அந்தத் தந்தை அதே ஆண்டில் இறந்துபோனார். ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் ஆரம்பித்த வேலை, 1902இல் நாற்பது படுக்கை மருத்துவமனை ஆயிற்று. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918இல்.

அந்த இரவு அவருக்குக் காட்டியது ஒரு தேவையை மட்டும். 'என்னால் ஆகுமா' என்பதற்கு மருத்துவக் கல்லூரித் தேர்வுகள்தான் பதில் சொல்லின. 'என்னோடு யார் நிற்பார்கள்' என்பதற்குக் காணிக்கை கொடுத்தவர்கள் பதில் சொன்னார்கள். தந்தை போன பிறகும் அவர் வேலூரை விட்டுப் போகவில்லை. இவை எல்லாம் சேர்ந்ததைத்தான் அழைப்பு என்று சொல்ல வேண்டும்.

வேதத்திலும் இப்படித்தான். சிறுவன் சாமுவேல் கர்த்தருடைய சத்தத்தை மூன்று தரம் கேட்டும் அது யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. கண் மங்கிப்போன கிழவர் ஏலிதான் கண்டுபிடித்தார். பவுல் ஆசியாவுக்குப் போகப் பார்த்தார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், தடை. துரோவாவில் மக்கெதோனியா தரிசனம் கண்டவர் அவர் ஒருவர்தான். ஆனால் புறப்படலாம் என்று கூட இருந்தவர்களும் சேர்ந்தே நிச்சயித்தார்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம்.

1521இல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுத்த படுக்கையானவர், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். போர்வீரப் புகழைக் கற்பனை செய்தபோது இன்பமாக இருந்தது. சற்று நேரத்தில் மனம் வறண்டது. புனிதர்களைப் போல வாழ்வதை நினைத்தபோதும் இன்பமாக இருந்தது. அந்த மகிழ்ச்சியோ பின்னும் தங்கியது. இந்த வித்தியாசத்தை அவர் கவனித்தார். நீங்களும் கவனிக்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒரு நோட்டு வையுங்கள். தினமும் படுக்குமுன் பத்து நிமிடம். இன்று எந்த வேலைக்குப் பிறகு மனம் உயிரோடு இருந்தது, எதற்குப் பிறகு வறண்டது, இரண்டே வரி. வேலை நடக்கும்போது வரும் உற்சாகத்தை எழுத வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து என்ன மிஞ்சியது என்று எழுதுங்கள். முதல் வாரத்தை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். இரண்டு மாதம் கழித்து ஒரே மூச்சில் வாசித்தால், திரும்பத் திரும்ப வருவது எது என்று தெரியும்.

இஞ்ஞாசியார் கொடுத்த இன்னொரு விதி இந்தக் கூடுகையில் இருக்கிறவர்களுக்கு மிகவும் தேவை. மனம் சோர்ந்து இருண்டு கிடக்கும் காலத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றக்கூடாது. நர்சிங் சேர்ந்து மூன்றாவது வாரம், ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல், வீட்டு நினைப்பில் அழுதுகொண்டு, "இது என் அழைப்பே இல்லை" என்று பெட்டியைக் கட்டுவது இந்த விதியை மீறுவதுதான். மறுபக்கமும் ஆபத்து உண்டு. கன்வென்ஷன் பந்தலில் கடைசி நாள் இரவு, பாட்டும் கண்ணீருமாக இருக்கும்போது கைதூக்கி ஒப்புக்கொடுத்தீர்களா? அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனாலும் கல்லூரியிலிருந்து டி.சி. வாங்குவதை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். ஆண்டவர் அழைத்திருந்தால் ஆறு மாதத்தில் அது மங்கிப்போகாது.

அடுத்தது, கூட இருந்து கேட்பவர்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையாரிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. முடிவெடுக்க வேண்டியவர் தம் நிலைமையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறார். ஐந்தாறு பேர் இரண்டு மூன்று மணி நேரம் உட்காருகிறார்கள். அவர்கள் கேள்வி மட்டும்தான் கேட்கலாம்; அறிவுரை சொல்லக் கூடாது. நம் சபைகளில் இது சுலபமாக வராது, ஏனென்றால் நம் பெரியவர்கள் கேள்வி கேட்பதைவிட வழி சொல்வதையே பாசம் என்று நினைக்கிறார்கள். ஆகவே ஆட்களைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வேலையை நேரில் பார்த்த ஓர் ஆசிரியர், அந்தத் தொழிலிலேயே பல ஆண்டு இருக்கிற ஓர் அக்கா அல்லது அண்ணன், உங்கள் குறை தெரிந்த ஒரு நண்பர். அம்மாவும் அப்பாவும் இந்தக் கூட்டத்தில் வேண்டாம். அவர்களோடு தனியாகப் பேச வேண்டும். "சம்பளம் பாதியானாலும் இதையே செய்வாயா?", "யாரும் பாராட்டாவிட்டால்?", "யாரைப் பார்த்து இந்த ஆசை வந்தது?" என்று கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

பிறகு சிறிய அளவில் செய்து பாருங்கள். ஒவ்வொரு வேலையிலும் யாரும் மேடையில் சொல்லாத ஒரு பெரிய பகுதி உண்டு. நர்ஸ் வேலையில் பெட்பேன், இரவு டியூட்டி, விடாமல் எழுத வேண்டிய சார்ட். ஆயர் வேலையில் கல்லறைத் தோட்டத் தகராறு, கமிட்டிச் சண்டை, வரவு செலவுக் கணக்கு. பிரசங்கம் வாரத்தில் அரை மணி நேரம்தான். ஊழியத்துக்குப் போக நினைக்கிறவர், பட்டதாரிக்கு நான்கு ஆண்டாகும் பி.டி. என்ற இறையியல் படிப்புக்கு மனு போடுமுன், ஒரு வருடம் ஒரே ஞாயிறு பள்ளி வகுப்பை லீவு போடாமல் நடத்தட்டும்; படுத்த படுக்கையான ஒரு முதியவரை வாரந்தோறும் போய்ப் பார்க்கட்டும். அந்தச் சலிப்பான பகுதியைத் தாங்க முடிகிறதா என்பதே நல்ல அடையாளம்.

குறுக்கு வழிகள் நம்மிடம் நிறைய. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் 'புறப்பட்டுப் போ' என்று வந்ததால் வேலையை விடுவது. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரலை வைப்பது. மூன்று சீட்டு எழுதி எடுப்பது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுக்கச் சீட்டுப் போட்டார்களே என்பீர்கள். அது பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்கு முன். அதன்பின் அப்போஸ்தலர் நடபடிகளில் சீட்டுப் போட்டு எடுத்த முடிவு ஒன்றுகூட இல்லை. தாயின் பொருத்தனையும் அப்படித்தான். அன்னாள் பிள்ளையை ஆலயத்தில் விட்டாள், உண்மை. ஆனாலும் கர்த்தர் சாமுவேலையே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெற்றவர்கள் நேர்ந்துகொள்ளலாம், பதில் சொல்ல வேண்டியது பிள்ளை.

இன்னொரு தவறு இவற்றையெல்லாம்விடப் பெரியது. முழுநேர ஊழியம் முதல் தரம், மருத்துவம் இரண்டாம் தரம், மற்றதெல்லாம் பிழைப்பு என்று நாமே தரம் பிரித்து வைத்திருக்கிறோம். பேதுரு யோப்பாவில் தங்கியிருந்தது தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டிலிருந்து வந்திருக்கிறவர்களுக்கு அந்த வீட்டு வாசலின் வாடை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய முறையில் பதனிடும்போது போட்ட குரோமியத்தில் ஏறக்குறைய 60, 70 சதவீதத்தைத்தான் தோல் உறிஞ்சும்; மீதி தண்ணீரோடு வெளியே போகும். சுத்திகரித்து விடும் நீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. பாலாறு கெட்ட கதைக்காக 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. கெமிஸ்ட்ரி படித்த ஒரு தங்கை தொழிற்சாலை லேபில் உட்கார்ந்து, மீட்டர் 5 காட்டினால் ரிஜிஸ்டரில் 5 என்றே எழுதுகிறாள். மேலே இருப்பவர் 1.8 என்று போடச் சொன்னாலும் மாட்டேன் என்கிறாள். அவள் பேனா பிடித்திருக்கும் அந்த மேஜை பிரசங்க பீடத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

கதவு அடைபட்டவர்களுக்கும் ஒன்று. டாக்டர் மேரி வர்கீஸ் இளம் மருத்துவராக வேலூரில் இருந்தபோது, 1954இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யப் பழகினார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, இங்கே அந்தத் துறையையே கட்டி எழுப்பினார். நீட்டில் மார்க் வராத தம்பி, முதல் வாசல் அடைபட்டதும் அழைப்பே பொய் என்று முடிவு கட்ட வேண்டாம். நோயாளியைப் பார்க்கும் ஆசைதான் உன்னுடையது என்றால், பிசியோதெரபிக்கும் லேப் டெக்னாலஜிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் அதே நோயாளிதான் வருகிறார். டாக்டர் என்ற பட்டத்தின் மேல்தான் ஆசை என்றால், அதை இப்போதே தெரிந்துகொள்வதும் நல்லது.

கடைசியாக, வீட்டில் கடன் இருக்கிறவர்கள். அக்கா கல்யாணக் கடன், நகைக் கடன், மகளிர் குழுவில் வாங்கியது. இதை எல்லாம் தள்ளிவிட்டு ஊழியத்துக்குப் போவது விசுவாசம் என்று சிலர் போதிக்கிறார்கள். தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதை 'கொர்பான்' என்று சொல்லிக் காணிக்கையாக்கினவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று மாற்கு 7ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று அப்பாவோடு உட்கார்ந்து எழுதுங்கள். இரண்டு வருடமோ மூன்று வருடமோ, கடன் முடியும் மாதத்தைக் குறித்து வையுங்கள். அந்தத் தேதியை ஆயரிடமும் சொல்லிவிடுங்கள். நீங்கள் மறந்தாலும் அவர் கேட்பார். அதுவரை வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிறு பள்ளி வகுப்பை நடத்துங்கள்.