மருந்து கேட்காவிட்டால் பணம் வாபஸ்: ஒப்பந்தப் படிவத்தில் எதை எழுதுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

"மருந்து கேட்டுச்சா?" என்று வீட்டில் சாதாரணமாக விசாரிக்கிறோம். மருந்து பலன் தராவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக மருந்து கம்பெனி அரசோடு போடும் ஒப்பந்தத்தில் அதே கேள்வியை எழுதப் போனால்தான் தொல்லை புரியும். கேட்டது என்று எந்த அளவை வைத்துச் சொல்வது? எந்த நாளில் பார்ப்பது?

இங்கிலாந்தில் 2007-இல் இதற்கு ஒரு விடை கண்டார்கள். மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கான போர்ட்டசோமிப் மருந்தை, விலைக்கேற்ற பலன் இல்லை என்று, அரசு மருத்துவத்தில் எந்த மருந்தைச் சேர்க்கலாம் என்று மதிப்பிடும் நைஸ் அமைப்பு முதலில் ஏற்கவில்லை. பிறகு ஏற்பாடு இப்படி அமைந்தது: நோய் முதல்முறை திரும்பியவருக்கு அதிகபட்சம் 4 சுழற்சி மருந்து. ரத்தத்தில் எம் புரதம் (இந்நோயின் புற்று செல்கள் சுரக்கும் புரதம்) 50 சதவீதமாவது குறைந்தால் சிகிச்சை தொடரும், அரசு பணம் தரும். குறையாவிட்டால் மருந்தின் முழு விலையையும் கம்பெனி திருப்பித் தரும்.

ஒரு சுழற்சி 21 நாள், அதில் 4 ஊசி. ஆக 84 நாளில் 16 ஊசி. அன்றைய பட்டியல் விலை குப்பிக்கு 762 பவுண்டுக்கு மேல். ஊசிக்கு ஒரு குப்பி என்றால் சுமார் 12,200 பவுண்டு. முதல் ஊசிக்கு முன் எடுத்த ரத்த அறிக்கை கோப்பில் இல்லையென்றால், எதிலிருந்து 50 சதவீதம் குறைந்தது என்று காட்ட முடியாது. அதனால் "ஊசிக்கு எத்தனை நாள் முன்பு வரை எடுத்த அறிக்கை செல்லும்" என்பதைப் படிவத்திலேயே எழுத வேண்டும். சிலருக்கு எம் புரதம் அளக்கும்படி இருக்காது. அவர்களுக்கு மாற்றுப் பரிசோதனையின் பெயரும் வேண்டும்.

குப்பிக் கணக்கும் அப்படித்தான். குப்பியில் 3.5 மில்லிகிராம், உடல் பரப்பு 1.8 சதுர மீட்டர் உள்ளவருக்குத் ஓர் ஊசிக்குத் தேவை 2.34 மில்லிகிராம். மிச்சத்தை இன்னொருவருக்குப் பயன்படுத்தினால் வாபஸ் குப்பிக்கா, மில்லிகிராமுக்கா? இரண்டாம் சுழற்சியில் நோயாளி இறந்தாலோ, ஊர் மாறினாலோ யார் கணக்கு? படிவம் வாய் திறக்காத இடத்தில்தான் தகராறு வரும். ரகசியம் காத்தல், மத்தியஸ்தம் போன்ற ஷரத்துகளை ஒருமுறை எழுதி எல்லா மருந்துக்கும் வைத்துக்கொள்ளலாம். வக்கீல்கள் அங்கேதான் அதிக நேரம் செலவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

பலனை அளக்கும் நாள் தொலைவில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, அதே நாட்டில் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற நரம்பு நோய் மருந்துகளுக்காக 2002-இல் தொடங்கிய திட்டத்தைப் பாருங்கள். பலன் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் மருந்தின் விலையைக் குறைப்பது என்பது ஏற்பாடு. பத்தாண்டு கண்காணிப்பு, ஆயிரக்கணக்கான நோயாளிகள். மருந்து எடுக்காதவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்பதற்குக் கனடாவின் பழைய நோயாளித் தரவை ஒப்பாக வைத்தார்கள். 2009-இல் வெளிவந்த இரண்டாண்டுக் கணக்கு எதிர்பார்த்ததைவிட மோசம். ஆனாலும் விலை குறையவில்லை. முடிவெடுக்க இன்னும் காலம் வரவில்லை என்றார்கள். அந்த ஒப்புத் தரவையே பிறகு மாற்றவும் நேர்ந்தது.

அமெரிக்காவில் முட்டுக்கட்டை சட்டத்திலேயே இருந்தது. ஒருவருக்குக் கொடுத்த மிகக் குறைந்த விலையை மாநிலங்கள் வழியாக நடக்கும் ஏழைகளுக்கான மெடிகெய்ட் மருத்துவத் திட்டத்துக்கும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே ஒரு நோயாளிக்கு முழுத்தொகை வாபஸ் கொடுத்தால் குறைந்த விலை பூஜ்யமாகிவிடுமோ என்று கம்பெனிகள் தயங்கின. 2022 ஜூலை முதல் விதி தளர்ந்தது: அதே பலன் ஒப்பந்தத்தை எல்லா மாநிலங்களுக்கும் முன்வைத்தால், ஒன்றுக்கு மேற்பட்ட குறைந்த விலைகளைக் காட்டலாம். மாநிலத்துக்கொரு வரைவு எழுதிக்கொண்டிருந்தால் இது நடக்காது. சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்கான, பல லட்சம் டாலர் விலையுள்ள மரபணு சிகிச்சைகளுக்கு இப்போது மத்திய அரசே முக்கிய ஷரத்துகளைப் பேசி முடிக்கிறது. விரும்பும் மாநிலம் சேர்ந்துகொள்கிறது.

நன்றி, வணக்கம்.