காயாகப் போன சொல்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் மாம்பழப் பருவம் வந்துவிட்டால் சின்னக்கடை வீதிக்கு மூக்கே வழிகாட்டிவிடும். மல்கோவா, இமாம்பசந்த், செந்தூரா, குண்டு, நடுசாலை என்று கூடை கூடையாக இருக்கும். நடுவே ஜூஸ் கடைக்காரர் மட்டும் ‘மேங்கோ’ என்று பலகை எழுதி மாட்டியிருப்பார். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஆங்கிலேயருக்கு அதைக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கினார். அவருக்குப் பின் வந்த போர்ச்சுகீசியர் அந்தக் கரையில் கேட்ட ‘மாங்ங’ என்ற மலையாளச் சொல்லை ‘மங்கா’ என்று எடுத்துக்கொண்டார்கள். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது ஆங்கிலத்தில் ஏறியது. நேரே தமிழிலிருந்துதான் போனது என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த அவசரம் இல்லை. மாங்ஙயும் மாங்காயும் ஒரே மரத்துக் காய்தானே.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கப்பலேறியது காயின் பெயர். பழத்துக்கு நமக்கும் மலையாளிகளுக்கும் ‘மாம்பழம்’ என்று தனிச்சொல் இருக்கிறது. ஆங்கிலத்திலோ காயின் பெயரே பழத்துக்கும் ஆகிவிட்டது. சேலத்துக் கடையில் போய், ‘பழுத்த மாங்காய் ஒரு கிலோ கொடுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். காம்புப் பக்கம் கட்டைவிரலால் மெல்ல அமுக்கி, முகர்ந்து பார்த்து, “இது செங்காய்ங்க, நாளை மறுநாள் அறுங்க” என்று சொல்கிற மனிதர் அவர். வடு, பிஞ்சு, காய், செங்காய், பழம் என்று படிப்படியாகப் பெயர் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே மேங்கோதான், முன்னால் ஓர் அடைமொழி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காயின் பெயர் அங்கே நிலைத்ததில் எனக்கு வியப்பில்லை. மாதக்கணக்கான கடற்பயணத்தில் பழம் அழுகிவிடும். அந்நாளில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது மாங்காய் ஊறுகாய்தான். அதைச் சுவைத்தவர்களுக்கு ‘மேங்கோ’ என்றால் ஊறுகாய் என்றே பொருளாயிற்று. 18-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலச் சமையல் நூல்களில் வெள்ளரிக்காயையும் முலாம்பழத்தையும் ‘மேங்கோ செய்யும்’ முறை இருக்கிறது. காயைக் கீறி, விதையை வழித்தெடுத்து, பூண்டு, கடுகு, இஞ்சி திணித்து, நூலால் கட்டி, கொதிக்கும் வினிகரை ஊற்றுவார்கள். மாங்காயே இல்லாத மேங்கோ! அமெரிக்காவில் குடமிளகாயையும் இப்படித் திணித்து ஊறப்போட்டார்கள். அதனால் ஒஹாயோ, இந்தியானா பக்கத்துப் பெரியவர்கள் சிலர் குடமிளகாயையே மேங்கோ என்பார்கள். அங்கே போய் மேங்கோ கேட்கும் நம் ஊர்க்காரரை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

தாவரவியலிலும் அந்தப் பெயர் உண்டு: 1753-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த ‘மாங்கிஃபெரா இண்டிகா’. மாங்காய் தாங்கும் இந்திய மரம் என்று பொருள்.

இன்னொரு வழக்கு நமக்கு நெருக்கமானது. கோடையில், பருவமழைக்கு முன்னால் பெய்யும் மழைக்கு இந்திய ஆங்கிலத்தில் ‘மேங்கோ ஷவர்’ என்று பெயர். தமிழில் மாஞ்சாரல் என்பார்கள். அது சேர்வராயன் மலையில் ஏற்ற நேரத்தில் பெய்தால் காபிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூக்கும். ஏற்காட்டுத் தோட்டக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அதே மழை அடிவாரத்து மாந்தோப்பில் சூறைக்காற்றோடு இறங்கினால் முற்றாத காய்கள் கொத்துக் கொத்தாக உதிரும். அவற்றை மூட்டை கட்டி, கிடைத்த விலைக்கு ஊறுகாய்க்காரர்களிடம் தள்ளிவிட வேண்டியதுதான். நன்றி, வணக்கம்.