டோக்கியோ தெருவில் குப்பைத் தொட்டி இல்லை. குப்பை எங்கே போகிறது?

[காட்சி: காலை 7.30. குறுகிய குடியிருப்புச் சந்து. மின்கம்பத்தடியில் நீல வலை, அதற்குள் குப்பைப் பைகள்.]

டோக்கியோவில் காபி குடித்துவிட்டு காலிக் கப்பைப் போட இடம் தேடினால், தெருத்தெருவாக நடக்க வேண்டியதுதான். 1995 மார்ச் 20 அன்று சுரங்க ரயில்களில் சாரின் விஷவாயுத் தாக்குதல் நடந்தது. அதன்பின் பாதுகாப்புக்காகப் பொது இடத் தொட்டிகள் பெருமளவு அகற்றப்பட்டன. பானம் விற்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பெட்டி, பாட்டிலுக்கும் கேனுக்கும் மட்டும்தான். மற்றதெல்லாம் பையோடு வீட்டுக்குத்தான் போகும்.

வீட்டிலிருந்து அது இந்த வலைக்கு வருகிறது.

[காட்சி: கம்பத்தில் கட்டிய அறிவிப்புப் பலகை, கிழமைகள் தெரிய.]

முதலில் பலகையைப் பாருங்கள். டோக்கியோவின் 23 வார்டுகளும் தனித்தனி நகராட்சி மாதிரி; 2000-ம் ஆண்டிலிருந்து குப்பையைத் தாங்களே அள்ளுகின்றன. அதனால் விதிகள் வார்டுக்கு வார்டு மாறும். பொதுவாக, எரியும் குப்பை வாரம் இரண்டு முறை, மறுசுழற்சிப் பொருள் வாரம் ஒரு முறை, எரியாதது (உலோகம், பீங்கான் போன்றவை) மாதம் இரண்டு முறை.

புதிதாக வருபவர்கள் இந்த எரியாத குப்பையில்தான் தவறுகிறார்கள். "2-வது புதன்" என்றால் மாதத்தில் வரும் இரண்டாவது புதன்கிழமை. இரண்டாவது வாரத்துப் புதன் அல்ல. 1-ம் தேதி வியாழன் என்றால் 2-வது புதன் 14-ம் தேதிதான் வரும். ஞாயிறில் தொடங்கும் காலண்டரில் அது மூன்றாவது வரிசை. தவறான நாளில் வைத்த பையை எடுக்காமல், ஸ்டிக்கர் ஒட்டி விட்டுப் போவார்கள்.

[காட்சி: வலையின் ஓரம், அருகில். வெளியே நீட்டிய பையைக் கொத்தும் காகம்.]

அடுத்து வலை. இங்குள்ள பெரிய அலகுக் காகம் நம் அண்டங்காக்கைக்கு நெருங்கிய சொந்தம். உணவை மோப்பம் பிடித்து அல்ல, கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கும். வலைக் கண் 4 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. பெரிய கண் வழியே அலகை விட்டுப் பையைக் கிழித்துவிடும். ஓரத்தில் கனம் கோத்த வலையாக இருந்தால் தூக்க முடியாது. ஆனால் எவ்வளவு நல்ல வலையானாலும், ஒரு பையின் மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அங்கிருந்தே வேலை தொடங்கும். பையை வலையின் நடுவில் வையுங்கள், ஓரத்தைப் பைகளுக்கு அடியில் மடித்துச் செருகுங்கள். இறைச்சி, எண்ணெய்ப் பண்டத்தின் மிச்சத்தை காகத்தின் கண்ணில் படாதபடி செய்தித்தாளில் சுற்றி, பையின் உள்பக்கமாகத் தள்ளிவிடுங்கள். முந்தின இரவே வைப்பதும் தப்பு; விடியும்போது காகம் வந்துவிடும், வண்டி பிறகுதான் வரும். பல வார்டுகளில் காலை 8 மணிக்குள் வைக்க வேண்டும். ஃபுகுவோகா நகரம் இதை வேறு மாதிரி தீர்த்தது: அங்கே மாலையில் வைத்து, இரவிலேயே அள்ளிவிடுகிறார்கள்.

[காட்சி: சமையலறை. பையைக் கட்டும் கைகள்.]

கட்டும் முன் சமையல் கழிவை நன்றாகப் பிழிய வேண்டும். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். பிழியாத பை அள்ளும் வண்டியில் நசுங்கும்போது, அந்த நீர் ஊழியர்மேல் பீய்ச்சும். பெட் (பிளாஸ்டிக்) பாட்டிலின் மூடியையும் லேபிளையும் கழற்றி, அலசி, நசுக்குங்கள். பால் பெட்டியை அலசி, வெட்டி விரித்து, காயவைத்துக் கட்டுங்கள்.

எதையாவது ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால், பேட்டரி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க், கை மின்விசிறி, பொம்மை, எதிலிருக்கும் லித்தியம் பேட்டரியும் எரியும் குப்பைப் பைக்குள் போகக்கூடாது. வண்டியின் அழுத்தத்தில் அது நசுங்கினால் தீப்பிடிக்கும். வண்டி நடுத்தெருவில் எரிந்த சம்பவங்கள் உண்டு.

[காட்சி: வண்டி புறப்படுகிறது. ஒருவர் துடைப்பத்தோடு வருகிறார்.]

வண்டி போனதும் வலையைச் சுருட்டி, இடத்தைக் கூட்டிவிடுவது பல தெருக்களில் வீட்டு முறைப்படி நடக்கிறது. அந்த முறை உங்களுக்கும் வரும்.

[காட்சி: வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிய நாற்காலி.]

ஒரு பக்கம் 30 சென்டிமீட்டரைத் தாண்டினால் அது பெரிய குப்பை. போனிலோ இணையத்திலோ முன்பதிவு செய்து, சொல்லும் தொகைக்கு 200, 300 யென் கட்டண ஸ்டிக்கர்களை கன்வீனியன்ஸ் ஸ்டோரில் வாங்கி, பெயரோ பதிவு எண்ணோ எழுதி ஒட்டுங்கள். வாங்கும்போது வார்டின் பெயரைப் பார்த்து வாங்குங்கள். பக்கத்து வார்டின் ஸ்டிக்கர் செல்லாது. ஏசி, டிவி, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் இந்த நான்கையும் வார்டு எடுக்காது. அவற்றை விற்ற கடையிடம் கேட்க வேண்டும். மறுசுழற்சிக் கட்டணம் தனி.