தண்டவாளத்தின் விளிம்பில்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு அனிமேஷன் படத்தைப் பற்றிப் பேசுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுகிற மாதிரிதான். கூப்பிட்டவர்களிடம் இதைச் சொன்னேன். "பரவாயில்லை சார், கதையைச் சொல்லுங்கள், நேயர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார்கள். சரி, கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மெக்சிகோ நகரத்தில் ஒரு மெட்ரோ நிலையம். நல்ல கூட்டம். வேலைக்குப் போய் அலுத்த முகங்கள், தொங்கிப்போன கன்னங்கள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவன். நம்மைப் போல ஒரு சாதாரண ஆள். பிளாட்பாரத்தின் விளிம்பில் ஒரு பெண் நிற்பதைக் கவனிக்கிறான். அவள் நிற்கிற விதம் சரியில்லை. ரயிலுக்குக் காத்திருப்பவள் அப்படி நிற்கமாட்டாள். இவனுக்குப் புரிந்துவிடுகிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி அவளைப் பிடிக்கிறான். அவளோ, இவன் தன்னிடம் வம்பு செய்ய வந்தவன் என்பதுபோலக் கூச்சல் போடுகிறாள். காவலர்கள் வந்து இவனை இழுத்துக்கொண்டு போகிறார்கள். ரயில் வருகிறது. விளிம்பில் அந்தப் பெண் மட்டும், தடுக்க ஆளில்லாமல்.

அவ்வளவுதான் படம். ஓடுவது ஐந்து நிமிஷம். பெயர் 'எல் ஏரோயே'. ஸ்பானிஷ் மொழியில் 'நாயகன்' என்று பொருள். எழுதி இயக்கியவர் கார்லோஸ் கரேரா. 1994-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கப்பனை விருது இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது.

அந்த ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மெக்சிகோ நகர மெட்ரோ 1969 செப்டம்பரில் ஓட ஆரம்பித்தது. ஆரஞ்சு நிறப் பெட்டிகள், ரப்பர் டயர் சக்கரங்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு ஒன்று. ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயரோடு ஒரு சின்னப் படமும் உண்டு. சபுல்தெபெக் நிலையம் என்றால் ஒரு வெட்டுக்கிளி. படிக்கத் தெரியாதவர்கூடப் படத்தைப் பார்த்து இறங்க வேண்டிய இடத்தைத் தெரிந்துகொள்ளலாம். படம் வரைகிறவர்கள்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த ரயிலை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அந்த ஊரில் பிறந்த ஒருவர் அந்த ரயிலையே வரைந்து கானுக்கு எடுத்துப் போனார் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

கரேரா 1962-இல் மெக்சிகோ நகரத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அனிமேஷன் செய்து பார்க்க ஆரம்பித்தவர். பிறகு ஊடகப் படிப்பு, அப்புறம் அந்த ஊரின் திரைப்படப் பயிற்சி மையம். 1975-இல் தொடங்கிய பள்ளி அது. இயக்குநர் லூயிஸ் புனுவல் அதன் கௌரவத் தலைவராக இருந்தார். எண்பதுகளில் கரேரா வரிசையாகக் குறும்படங்கள் செய்தார். சிலது வரைந்தவை, சிலது நடிகர்களை வைத்து எடுத்தவை. இரண்டு கையாலும் எழுதுகிறவர் மாதிரி இரண்டையும் ஒரே காலத்தில் செய்துகொண்டிருந்தார்.

நான் இளவயதில் சில வருஷம் அனிமேஷன் கூடம் ஒன்றில் வேலை பார்த்தவன். இன்பிட்வீன் வரைகிற வேலை. மூத்த கலைஞர் ஒரு கை மேலே போகும் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் வரைந்து தருவார். இடையில் வரும் படங்களை, அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பலகையான லைட் பாக்ஸ் மேல் தாள்களை அடுக்கி நாங்கள் வரைவோம். திரையில் ஒரு நொடிக்கு 24 படம் ஓடும். ஒரு வரைபடத்தை இரண்டு தடவை காட்டிச் சமாளித்தாலும் நொடிக்கு 12 வேண்டும். ஐந்து நிமிஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 3,600. இது வெறும் வாய்ப்பாட்டுக் கணக்கு. அசையாமல் நிற்கிற காட்சியில் குறையும், கூட்டம் நகர்கிற காட்சியில் கூடும். கரேரா எடுத்துக்கொண்டதோ கூட்டம்! அனிமேஷன்காரர்கள் கூட்டத்தைக் கண்டாலே ஓடுவார்கள். ஒரு முகம் வரைகிற நேரத்தில் இருபது முகம் வரையவேண்டும். ஆனால் அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. பார்க்காமல் நிற்கிற இத்தனை பேர் இருப்பதால்தான் பார்த்த ஒருவன் நாயகன் ஆகிறான்.

இதை நடிகர்களை வைத்து எடுத்திருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். எடுத்திருக்கலாம். ஆனால் நடிகருக்கு ஒரு முகம் இருக்கிறது, அந்த முகத்தோடு நமக்கு ஏற்கெனவே பழக்கம் இருக்கிறது. யார் நல்லவர், யார் தப்பிப்பார் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடும். கோட்டில் பிறந்த மனிதனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இனி அவருடைய மற்ற வேலைகளுக்கு வருகிறேன். முதல் முழுநீளப் படம் 1991-இல். ஒரு சிற்றூர்க் கிழவர், தனக்குப் பிடித்த இளம்பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் பூட்டிவைக்கும் கதை. அதன்பின் இரண்டு மூன்று படங்கள். அவற்றை விட்டுவிட்டு நேராக 2002-க்குப் போய்விடலாம்.

'பாதிரியார் அமாரோவின் குற்றம்'. 1875-இல் வெளிவந்த போர்ச்சுகீசிய நாவல் ஒன்றை இன்றைய மெக்சிகோவுக்குக் கொண்டுவந்த படம். ஒரு சிற்றூருக்கு வரும் இளம் பாதிரியார், ஒரு பெண்ணுடன் ரகசிய உறவு, அவள் கர்ப்பம். கத்தோலிக்கத் திருச்சபை கொதித்தது. போப் இரண்டாம் ஜான் பால் அந்த ஜூலைக் கடைசியில் மெக்சிகோவுக்கு வருவதாக இருந்ததால், படத்தின் வெளியீட்டை ஆகஸ்ட் மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? தியேட்டரில் கூட்டம் அலைமோதியது. அதுவரை வந்த எந்த மெக்சிகோ படத்துக்கும் இல்லாத வசூல். சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

வசூலையும் சர்ச்சையையும் தள்ளிவைத்துவிட்டு முடிவைப் பாருங்கள். திருட்டுத்தனமாகச் செய்த கருக்கலைப்பில் அந்தப் பெண் இறந்துபோகிறாள். ஊரில் ஒரு பொய்க்கதை கிளம்புகிறது. அவளைக் கெடுத்தது பழைய காதலன், பாவம் பாதிரியார் காப்பாற்றத்தான் போனார், நேரமாகிவிட்டது என்று. அவளுடைய இறுதிப் பூசையை நடத்துவதும் அமாரோதான்.

இதைப் பார்த்தபோது எனக்கு மெட்ரோ நிலையம் சட்டென்று நினைவுக்கு வந்தது. அதே கதை, தலைகீழாக. அங்கே காப்பாற்றப் போனவன் குற்றவாளி ஆனான். இங்கே குற்றம் செய்தவர் காப்பாற்றப் போனவர் ஆகிவிட்டார். இரண்டிலும் சாகிறவள் பெண். இரண்டிலும் தீர்ப்புச் சொல்வது, சரியாகப் பார்க்காத கூட்டம். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஐந்து நிமிஷத்தில் வரைந்ததையே இரண்டு மணி நேரத்துக்கு விரித்திருக்கிறார் என்பது என் எண்ணம். அவர் அப்படித் திட்டமிட்டாரா என்றால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். சில பேருக்கு ஒரே முடிச்சுதான் வாழ்நாள் முழுக்க. அதைத்தான் விதவிதமாக அவிழ்த்துப் பார்ப்பார்கள். 2009-இல் வந்த 'பின்கட்டு' படமும் அப்படித்தான். அமெரிக்க எல்லையிலுள்ள சியுதாத் உவாரெஸ் நகரத்தில் பெண்கள் தொடர்ந்து கொல்லப்பட்ட நிஜத்தை வைத்து எடுத்தது. அதில் கவனிக்கிற ஆள் ஒரு பெண் போலீஸ் அதிகாரி. கவனிக்காத கூட்டத்தில் அரசாங்கமும் சேர்ந்துகொள்கிறது.

விழாக்களில் குறும்படத்தை முழுநீளப் படத்துக்குப் போகும் படிக்கட்டு என்றுதான் நினைக்கிறார்கள். ஏறியதும் படிக்கட்டை மறந்துவிடலாம். கரேரா மறக்கவில்லை. ஆஸ்கர் வரை போன மனிதர் திரும்ப அனிமேஷனுக்கே வந்தார். 'அனாவும் புரூனோவும்' என்ற முழுநீள அனிமேஷன் படம். இந்தமுறை கம்ப்யூட்டரில். 10 கோடி பெசோவுக்கு மேல் செலவு, முடிக்கப் பல வருஷம். 2017-இல் பிரான்ஸின் ஆன்சி அனிமேஷன் விழாவில் திரையிட்டு, அடுத்த வருஷம்தான் மெக்சிகோ தியேட்டர்களுக்கு வந்தது.

குழந்தைகள் படம்தான். ஆனால் கதை நடக்கிற இடத்தைக் கேளுங்கள், ஒரு மனநலக் காப்பகம். அம்மாவோடு அங்கே வரும் அனா என்ற சிறுமிக்கு, அங்குள்ள நோயாளிகளின் கற்பனை உருவங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. புரூனோ அதில் ஒன்று, பச்சை நிறத்தில் ஒரு விசித்திரப் பிறவி. அந்தக் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, அம்மாவைக் காப்பாற்ற அப்பாவைத் தேடிப் போகிறாள். மற்றவர் கண்ணுக்குப் படாததைப் பார்க்கிற ஒரு சிறுமி. மறுபடியும் அதே ஆள்தான், இந்தமுறை பாவாடை சட்டை வயதில்.

படம் எனக்கு முழுதாகப் பிடித்ததா என்றால் இல்லை. கம்ப்யூட்டர் உருவங்களின் வழவழப்பு என்னை உறுத்தியது. அந்த மெட்ரோ முகங்களின் கோணல்மாணல் கோடு, ஒரு கை நடுங்கி வரைந்த மாதிரியான கோடு, இதில் இல்லை. லைட் பாக்ஸில் பழகியவனின் குறையாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை காட்டுகிறார்கள். நான் பேச ஆரம்பித்ததிலிருந்து இந்த நேரத்துக்குள் நீங்கள் அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்திருக்கலாம். பார்க்க வாய்த்தால், முதல் தடவை அந்த மனிதனைப் பாருங்கள். இரண்டாம் தடவை பின்னால் நிற்கிறவர்களை.

வணக்கம்.