மேல்வீட்டுக் கால்களும் கீழ்வீட்டுக் காதுகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

இயன்முறை மருத்துவரான என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்கள். சர்க்கரை நோயோ, ரத்தக் கொதிப்போ, எடையோ, எதுவானாலும் மருத்துவர்கள் அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: தினமும் நடங்கள். ஆனால் சென்னையில் நடப்பதற்கு இடம் எங்கே இருக்கிறது? பல தெருக்களில் நடைபாதையே கிடையாது. இருக்கும் தெருக்களிலோ பாதியை இருசக்கர வாகனங்கள் பிடித்துக்கொள்கின்றன. மே மாதம் வெயில், நவம்பரில் மழை. ஆகவே கடனை உடனை வாங்கியாவது வீட்டுக்கு ஒரு ட்ரெட்மில், அதாவது ஓடும் பட்டையின் மேல் நின்ற இடத்திலேயே நடக்கும் இயந்திரம், வந்து சேர்கிறது. சில நாட்களில் கீழ்வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் வந்து அழைப்பு மணியை அடிக்கிறார். பிறகு குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேச்சு எழுகிறது. கடைசியில் இயந்திரம் ஓய்ந்துவிடுகிறது. சர்க்கரை அளவு மட்டும் பழையபடி ஏறுகிறது. இது எனக்குப் பெரிய வருத்தம். ஏனென்றால் அந்த இரண்டு வீட்டாருமே நல்லவர்கள். தவறு இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தில் இருக்கிறது.

வாங்குபவர் கடையில் என்ன கேட்கிறார்? "இது சத்தம் போடுமா?" என்று கேட்கிறார். விற்பவர் பொத்தானை அழுத்தி, மோட்டார் மெல்லென ஓடுவதைக் காட்டுகிறார். மோட்டாரின் இரைச்சல் காற்றில் பரவுவது. கதவைச் சாத்தினால் பெருமளவு அடங்கிவிடும். கீழ்வீட்டுக்குப் போகும் சத்தம் வேறு. அது கால் விழும் அதிர்வு, காங்கிரீட் தளத்தின் வழியாகவே இறங்குவது. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் நம் எடையைவிடச் சற்றே கூடுதலான விசை தரையில் விழுகிறது. ஓடும்போது அது எடையைப் போல் இரண்டு மூன்று மடங்காகிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் ஓடினால், கீழே படுத்திருப்பவரின் தலைக்கு மேல் ஆயிரக்கணக்கான இடிகள். மேலே ஓடுபவர் காதில் பாட்டு இருக்கிறது. அவருக்கு அந்த இடி கேட்பதே இல்லை.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில், ஒலியை அளக்கும் டெசிபல் கணக்கில், பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் வழக்கமான டெசிபல் அளவீடு, தொம் தொம் என்ற தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே கணக்கிடுகிறது. ஆகவே விளம்பரத்தில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணை நம்பி எதையும் வாங்காதீர்கள். கால் தரையை மோதுகிறதா, இல்லையா என்பதை மட்டும் பாருங்கள்.

இப்படிப் பார்த்தால் என் முதல் தேர்வு உடற்பயிற்சி சைக்கிள். பாதம் பெடலை விட்டு எழுவதே இல்லை; மோதல் என்பதே கிடையாது. ஆனால் எல்லா சைக்கிளும் ஒன்றல்ல. விசிறி வைத்த சைக்கிள் மிதிக்க மிதிக்கப் புயலாக இரையும். அது நமக்கு வேண்டாம். கம்பளிக் கட்டை சக்கரத்தில் உரசி இறுக்கும் வகை, தேயத் தேய உறுமும். அடுக்குமாடிக்கு ஏற்றது காந்த வகை. பழைய மின்சார மீட்டருக்குள் அலுமினியத் தட்டு ஒன்று சுற்றுமே, நினைவிருக்கிறதா? அதைக் கட்டுப்படுத்தியது ஒரு காந்தம்தான். தட்டைத் தொடாமலே அது தடுக்கும். சுழலும் உலோகத்தில் காந்தம் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி எதிர்ப்பைத் தருகிறது. பிரெஞ்சு அறிவியலாளர் ஃபூக்கோ 1855இல் கண்டறிந்தது இது. சைக்கிளிலும் அதே வேலைதான். குமிழைத் திருகினால் காந்தம் சக்கரத்தை நெருங்குகிறது, மிதி கனக்கிறது, உரசல் இல்லை, ஆகவே ஓசையும் இல்லை.

அடுத்து, பெடலையும் சக்கரத்தையும் இணைப்பது சங்கிலியா, பெல்ட்டா என்று கேளுங்கள். பெல்ட் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் ஏசியும் பாட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே காதை நம்ப முடியாது. குனிந்து பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இன்னொரு கையைச் சட்டத்தின் மேல் வையுங்கள். கடகடவென்ற நடுக்கம் கையில் தட்டுப்பட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். முதுகு வலி உள்ளவர்களும் வயதானவர்களும் சாய்விருக்கை வைத்த சைக்கிளைப் பாருங்கள். பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி இருக்கை உயரம் அமையவேண்டும். முழங்கால் வலியோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த உயரத்தைத்தான்.

நின்றபடி கையையும் காலையும் சேர்த்து இயக்கும் எலிப்டிக்கலும் மோதல் இல்லாததுதான். ஒரே எச்சரிக்கை, மின்விசிறி. எலிப்டிக்கலில் ஏறினால் ஏறத்தாழ ஒரு அடி உயர்ந்துவிடுவீர்கள். நம் வீடுகளில் அறை நடுவே விசிறி தொங்குகிறது. உயரமானவர்கள் அளவு நாடாவால் அளக்காமல் பணம் கட்டக்கூடாது. படகு வலிப்பதுபோல் உட்கார்ந்து இழுக்கும் துடுப்பு இயந்திரத்தில் காற்று வகை வேண்டாம், இழுக்க இழுக்க இரையும். காந்த வகை அமைதியானது. கயிறு தாண்டுவது அருமையான பயிற்சி, ஆனால் அதற்கு மொட்டை மாடியும் வெயில் ஏறாத காலை வேளையும் வேண்டும்.

ட்ரெட்மில்லை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். அதில் ஓடாதீர்கள், வேகமாக நடங்கள். வேகம் போதாது என்றால் சாய்வைக் கூட்டுங்கள். மூச்சு நன்றாகவே வாங்கும். மெத்தென்ற அடிப்பாகம் கொண்ட ஷூ அணியுங்கள். யோகா விரிப்பை அடியில் போடுவதால் பயனில்லை, கனத்தில் நசுங்கிவிடும். தடித்த ரப்பர் பலகையும் அதன்மேல் ஒட்டுப்பலகையும் போட்டால் அதிர்வு ஓரளவு குறையும்.

விரிப்பைவிட இடம் முக்கியம். தளத்தின் நடுப்பகுதிதான் அதிகம் அதிரும். தூணும் உத்தரமும் உள்ள ஓரம் குறைவாக அதிரும். ஆகவே ஓரமாக வையுங்கள், ஆனால் சுவரைத் தொடாமல். பெரும்பாலான குடியிருப்புகளில் மாடிக்கு மாடி ஒரே அமைப்பு. உங்கள் படுக்கையறைக்குக் கீழே அவர்கள் படுக்கையறை. இயந்திரத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். பால்கனி வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும் தளம் அது.

பொருத்திய அன்றே கீழ்வீட்டுக்குப் போய், "ஐந்து நிமிடம் மிதிக்கிறோம், கேட்கிறதா என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். உங்கள் வீட்டார் ஒருவர் அங்கே நின்று கேட்பது இன்னும் நல்லது. இரவுப் பணி பார்த்துவிட்டுப் பகலில் உறங்குபவரோ, கைக்குழந்தையோ அந்த வீட்டில் இருந்தால் நேரத்தைச் சேர்ந்தே முடிவு செய்யுங்கள்.

எவ்வளவு நேரம் போதும்? உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி என்கிறது. நாளுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் என்றாலே தொடக்க அளவு வந்துவிடும். மிதமானது என்றால், பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. இதய நோய் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்கவேண்டும்.

மாதம் ஒருமுறை நட்டு, போல்ட்டுகளை இறுக்குங்கள். புதிதில் ஓசையின்றி ஓடிய வண்டி கிறீச்சிடத் தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான். ட்ரெட்மில் பட்டைக்கு அடியில், கையேட்டில் சொன்னபடி சிலிகான் எண்ணெய் விடுங்கள். சமையல் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ கூடவே கூடாது. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில், பயிற்சி முடிந்ததும் ட்ரெட்மில்லின் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நன்றி, வணக்கம்.